எழுத்தின் ஆயுளும் அச்சுப்பொறியின் தேர்வும்

பள்ளிக்கு அச்சுப்பொறி ஒன்று வாங்கவேண்டும் என்றால், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் முதலில் எழும் வினா, 'விலை என்ன?' என்பதே. அடுத்து எழுவது, 'வண்ணத்தில் அச்சிடுமா?' என்பது. இவ்விரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால் பேச்சு முடிந்துவிடும், பொறியும் வந்துவிடும். வீடுகளிலும் நிலை இதுவே. 'இப்பொறியில் அச்சாகும் எழுத்து எத்தனை ஆண்டு நிலைத்திருக்க வேண்டும்?' என்று கேட்பவர் மிகச் சிலரே ஆவர்.

இம்மூன்றாம் வினா புதியதன்று. தமிழ் எழுத்து ஓலையிலிருந்து தாளுக்கு ஏறிய நாள்தொட்டு, ஒவ்வொரு தலைமுறையும் இதற்கு ஏதோ ஒரு விடை சொல்லியே வந்திருக்கிறது. சில தலைமுறைகள் நன்கு சிந்தித்து விடை சொல்லின. சில தலைமுறைகள் சிந்தியாமலே சொல்லின. அவற்றின் பயனை நாம் இன்று நூலகங்களிலும் பள்ளி நிலைப்பேழைகளிலும் காண்கின்றோம். 'இங்க்ஜெட்' என்று வழங்கும் மைப்பீச்சு அச்சுப்பொறி நம் வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் வந்து சேர்ந்துவிட்ட இக்காலத்தில், அதனைத் தேர்ந்தெடுக்கும் முறையை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓலையும் கரியும்

நம் முன்னோர் ஓலையில் எழுத்தாணியால் கீறி எழுதினர். கீறிய எழுத்து எளிதில் கண்ணுக்குப் புலப்படாது. ஆதலின் விளக்குக் கரியை எண்ணெயிலோ பச்சிலைச் சாற்றிலோ குழைத்து ஓலைமீது தடவித் துடைப்பர். கரி கீறலுள் தங்கி எழுத்தைக் காட்டும். ஓலையைச் செல் அரிக்கலாம், ஈரம் அழிக்கலாம், ஆனால் கரி வெளுப்பதில்லை. ஓலை நலிவுறும் முன்னர் அதனைப் பெயர்த்தெழுதும் வழக்கம் இருந்தமையால் இலக்கியங்கள் பிழைத்தன. அவ்வழக்கம் தளர்ந்த இடங்களில் நூல்கள் மறைந்தன. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார் என்றால், அழியும் நிலையிலிருந்த ஏடுகளை அழியாத கரி மைக்கு மாற்றித் தந்தார் என்றே பொருள்.

அச்சகங்களில் பயன்பட்ட மையும் கரியே. ஆளிவிதை எண்ணெயிற் குழைத்த கரிப்பொடியே நூற்றாண்டுகளாக உலகெங்கும் அச்சு மையாக விளங்கிற்று. எனவே, ஓலையிலிருந்து தாளுக்கு மாறியபோது நம் எழுத்தின் உடல் மாறியது. அதன் கருமை மாறவில்லை. இச்செய்தியை மனத்தில் இருத்திக்கொள்வோம். பின்னர் இதன் இன்றியமையாமை விளங்கும்.

இந்திய மொழிகளுள் முதன்முதல் தன் எழுத்திலேயே அச்சேறிய பெருமை தமிழுக்கு உண்டு. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கங்களே கொண்ட சிறு நூல். அதன்பின் நெடிய இடைவெளிக்குப் பிறகு, தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயரின் அச்சகம் எழுந்தது. 1712இல் இலண்டனிலிருந்து அச்சுப்பொறி வந்தது. அடுத்த ஆண்டில் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்தன. ஆனால், அவ்வெழுத்துகள் அளவில் மிகப் பெரியனவாய் இருந்தன. பெரிய எழுத்துக்குத் தாள் மிகுதியாகத் தேவைப்பட்டது; தாளோ ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வரவேண்டிய அரும்பொருள். அவ்வெழுத்துகளைக் கொண்டு புதிய ஏற்பாட்டை அச்சிட முற்பட்டால் தாள் போதாது என்பதை உணர்ந்த அவர்கள், பொறையாற்றில் சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டனர். அதற்கு வேண்டிய ஈயத்தை, இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி அடைத்து வந்த பெட்டிகளின் உறைத் தகடுகளிலிருந்து எடுத்தனர் என்பது சுவையான செய்தி.

இதிலிருந்து நாம் கற்கத்தக்கது யாது? பொறி இலவசமாகவே வந்தது. அதனை இயக்கும் செலவே அவர்களை வருத்தியது. வாங்கும் விலை வேறு, இயக்கும் விலை வேறு என்னும் உண்மையைத் தமிழ் அச்சுலகம் 300 ஆண்டுகளுக்கு முன்னரே பட்டறிந்துவிட்டது.

பினாங்குத் தீவில் அச்சு

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடியேற்றினார். இருபது ஆண்டுகளுக்குள், 1806இல், இத்தீவில் ஆங்கிலச் செய்தித்தாள் அச்சாகத் தொடங்கியது. 1816 அக்டோபர் 21ஆம் நாள் தோன்றிய பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பும் தொடங்கப்பெற்றது. அதனையே இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் தோற்றமாகக் கொண்டு, 2016இல் 200ஆம் ஆண்டு நிறைவை நாம் கொண்டாடினோம்.

தமிழர் கூடிவாழும் இடத்தில் எழுத்துக்கு வேலை மிகுதி. 1801இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைச் சுற்றியும், 1833இல் எழுந்த குயின் சாலை மகா மாரியம்மன் கோயிலைச் சுற்றியும் வணிகரும் தொழிலாளரும் குடியேறினர். கணக்கேடு, விழா அறிக்கை, மண ஓலை, இரங்கற்பா என எழுத்துத் தேவை பெருகியது. 1880களில் நாகூர்ப் புலவர் குலாம் காதிறு நாவலர் பினாங்கில் 'வித்தியா விசாரிணி' என்னும் இதழை நடத்தினார். 1927இல் சையிது ஷேக் அல்-ஹாதி நிறுவிய ஜெலுத்தோங் அச்சகம், மலாய் மொழி நூல்களையும் இதழ்களையும் வெளியிட்டுப் புகழ்பெற்றது. ஒரு சிறு தீவு பல மொழிகளின் அச்சு நிலையமாய்த் திகழ்ந்தது.

அக்காலத்தில் அச்சுக்கும் கையெழுத்துக்கும் இடையே உயர்ந்ததொரு மதில் இருந்தது. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்து, தலைகீழாய்ப் படித்துத் திருத்தி, மையிட்டு அழுத்த வேண்டும். உயிர்மெய்களையும் சேர்த்து 247 எழுத்துகள் கொண்ட தமிழுக்கு எழுத்துப் பெட்டியும் பெரிது, கோப்பவரின் உழைப்பும் பெரிது. ஆகவே, நிலைக்கத் தக்கது என்று பலரும் கருதியதே அச்சேறும். நாள்வழி எழுத்து கையெழுத்தாகவே நின்றுவிடும். 'அச்சேறுதல்' என்னும் சொல்லில் இன்றும் ஒரு மதிப்பு ஒலிப்பதற்கு இதுவே காரணம் எனலாம். 'எதை அச்சிடுவது, எவ்வளவு காலத்துக்கு?' என்ற தேர்வை அன்று செலவே செய்து தந்தது. மனிதர் செய்ய வேண்டியிருக்கவில்லை.

தட்டச்சும் சைக்ளோஸ்டைலும்

அம்மதிலில் முதல் வாயிலைத் திறந்தவை தட்டச்சுப் பொறியும் சைக்ளோஸ்டைலும் ஆகும். தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியவர் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்த இரா.முத்தையா அவர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவுக்கு வந்து பணியாற்றியவர் அவர் என்பது நமக்குப் பெருமை தருவதாகும். தமிழின் அத்தனை வடிவங்களையும் சில பத்து விசைகளுள் அடக்குவது எளிதன்று. அடித்தபின் தாளை நகர்த்தாத விசைகளை அமைத்து, ஒரு வடிவத்தின்மேல் மற்றொரு குறியைப் பொருத்தும் வழியை அவர் கையாண்டார். தந்தை பெரியார் 1935இல் தம் இதழில் கையாளத் தொடங்கித் தமிழ்நாட்டரசு 1978இல் ஏற்றுக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தமும், ணா, றா, னா, லை, ளை போன்றவற்றின் தனி வடிவங்களை நீக்கி இச்சுமையைக் குறைத்தது.

1881இல் டேவிட் கெஸ்டெட்னர் இலண்டனில் காப்புரிமை பெற்ற சைக்ளோஸ்டைல் முறை, மெழுகுத்தாளில் துளையிட்டு அதன் வழியே மையைக் கசியவிடுவதாகும். நான் மாணவனாயிருந்த காலத்தில் தேர்வுத்தாள் என்றாலே சைக்ளோஸ்டைல் மையின் மணம்தான். ஆசிரியர் மெழுகுத்தாளை விளக்கொளியில் பிடித்துப் பிழை பார்ப்பதும், பிழைத்த இடத்தில் சிவந்த திரவத்தைப் பூசி ஆறவைப்பதும், உருளையைச் சுழற்றிய கை கறுத்துப்போவதும் இன்றும் கண்முன் நிற்கின்றன. அன்றைய தாள் மட்டமானது. இன்று அது பழுத்து ஓரம் உதிர்கிறது. ஆயினும் எழுத்து கறுப்பாகவே இருக்கிறது. அந்த மையிலும் கரியே இருந்தது.

மைப்பீச்சின் பிறப்பு

தாளைத் தொடாமலே மையைத் தெளித்து எழுதலாம் என்ற எண்ணம் பழமையானது. 1867இல் கெல்வின் பிரபு தந்திச் செய்திகளைப் பதியும் கருவியொன்றை அமைத்தார். நுண்ணிய கண்ணாடிக் குழாயிலிருந்து மின்விசையால் இழுக்கப்பட்ட மை, ஓடும் தாளின்மேல் கோடாக விழுந்தது. 1951இல் சுவீடன் நாட்டு எல்ம்குவிஸ்ட் மருத்துவ அளவீடுகளைப் பதிவதற்கு மைப்பீச்சு முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

எழுத்தை அச்சிடும் மைப்பீச்சுப் பொறி உருவானது 1970களில். 1977இல் ஜப்பானின் கேனன் நிறுவன ஆய்வகத்தில், மை நிறைந்த ஊசியின்மேல் சூடான பற்றவைப்புக் கோல் தற்செயலாகப் பட்டது. ஊசிமுனையிலிருந்து மை தெறித்தது. அதனைக் கண்ட எண்டோ என்னும் பொறியாளர் வெப்பத்தால் மையைப் பீச்சும் முறையை வகுத்தார். ஏறத்தாழ அதே காலத்தில், 1979இல், அமெரிக்காவின் ஹியூலெட் பேக்கார்டு நிறுவனத்தில் ஜான் வாட் என்பவரும் தம் வழியில் அதே உண்மையைக் கண்டார். நுண்துளையின் பின்னுள்ள மை நொடியில் மிகச் சிறு பகுதிக்குள் கொதித்துக் குமிழியாகி, முன்னுள்ள மையைத் துளியாகத் தள்ளுகிறது. எப்சன் நிறுவனம் பின்பற்றிய வழி வேறு: மின்னழுத்தம் பட்டவுடன் வடிவம் மாறும் படிகத் தகட்டைக் கொண்டு, வெப்பமின்றியே மையை அழுத்தித் தள்ளுவது அது.

1984இல் வெளிவந்த ஹியூலெட் பேக்கார்டின் திங்க்ஜெட், 12 நுண்துளைகள் உடையது. விலை 495 அமெரிக்க டாலர். அங்குலத்துக்கு 96 புள்ளிகளே இட்டது. 1988இல் வந்த டெஸ்க்ஜெட் அங்குலத்துக்கு 300 புள்ளி இட்டதோடு சாதாரணத் தாளிலும் அச்சிட்டது. 1994இல் எப்சனின் ஸ்டைலஸ் கலர் 720 புள்ளியை எட்டியது. பத்தே ஆண்டுகளில் நிகழ்ந்த வளர்ச்சி இது.

இவ்வளர்ச்சியில் தமிழுக்குற்ற நன்மை பெரிது. ஈய எழுத்துக்கு 247 ஒரு சுமை; தட்டச்சுக்கு அது ஒரு புதிர். புள்ளிகளால் எழுதும் பொறிக்கோ எல்லா எழுத்தும் ஒன்றே. க என்பதும் ஞூ என்பதும் அதற்கு வெறும் புள்ளிக்கூட்டங்களே. 1980களின் நடுவில் நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கத் தொடங்கிய 'முரசு' மென்பொருளும், 1991இல் வெளிவந்த யூனிகோடு தரத்தில் தமிழ் இடம்பெற்றமையும் எழுத்தைக் கணினிக்குள் கொண்டுவந்தன. மைப்பீச்சுப் பொறி அதனைத் தாளுக்குக் கொண்டுவந்தது. பினாங்கு மக்கள் இத்தொழில்நுட்பத்துக்கு அயலார் அல்லர். 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கியபோது வந்த எட்டு நிறுவனங்களுள் இன்டெலும் ஹியூலெட் பேக்கார்டும் அடங்கும். நம் வீட்டுப் பெண்கள் பலர் மின்னணுவியலை முதன்முதல் கண்டது அத்தொழிற்சாலைகளில்தான்.

அச்சகத்துக்கும் வீட்டுக்கும் இடையே நின்ற மதில் இவ்வாறு இடிந்தது. அதனோடு, 'எது நிலைக்கத் தக்கது?' என்று நம்மைக் கேட்க வைத்த தடையும் இடிந்தது.

கலைஞர் கற்ற பாடம்

மைப்பீச்சுப் பொறியின் மை இருவகைப்படும். ஒன்று சாயம், மற்றொன்று நிறமி. சாயம், நீரிற் சர்க்கரை போல முற்றும் கரைந்து நிற்பது. தாளின் இழைகளுக்குள் ஊறிப் பளிச்சென்ற வண்ணம் தரும். ஆனால் ஒளியும் காற்றிலுள்ள ஓசோனும் அதன் மூலக்கூறுகளைச் சிதைக்கும். நீர் பட்டால் பரவும். நிறமி, கரையாத நுண்துகள். தாளின் மேற்பரப்பில் தங்கி நிற்கும். ஒளியை நெடுங்காலம் தாங்கும். ஓலையில் தடவிய விளக்குக் கரியும் ஒரு நிறமியே. ஆகவே நிறமி மை நம் மரபுக்குப் பழையது. சாய மையே புதிய விருந்தாளி.

இவ்வேறுபாட்டைக் கலையுலகம் இழப்பின் வழியாகவே கற்றது. இசைக்கலைஞரும் நிழற்படக்காரருமான கிரஹாம் நாஷ், ஓர் இலட்சம் டாலருக்கும் மேற்பட்ட விலையில் ஐரிஸ் என்னும் பெரிய மைப்பீச்சுப் பொறியை வாங்கி, 1991இல் கலிபோர்னியாவில் கலை அச்சகம் ஒன்றைத் தொடங்கினார். அப்பொறி, அச்சகங்கள் அச்சுக்கு முன்பு வண்ணத்தைச் சரிபார்க்கும் மாதிரிப் படிகள் எடுப்பதற்கென ஆக்கப்பட்டது. மாதிரிப் படி சில வாரம் இருந்தால் போதும். அதன் மையும் அதற்கேற்றதாகவே இருந்தது. ஓவியங்களையும் நிழற்படங்களையும் அதில் அச்சிட்டபோது அவை மிக அழகாய் அமைந்தன. ஆனால் தொடக்ககாலப் படிகள் சில ஆண்டுகளிலேயே வெளுக்கத் தலைப்பட்டன. அதன் பின்னரே நிலைத்த மைக்கான தேடல் வலுப்பெற்றது. 2000ஆம் ஆண்டில் எப்சன் நிறுவனம் நிறமி மை கொண்ட ஸ்டைலஸ் போட்டோ 2000பி என்னும் பொறியை மேசைமேல் வைக்கத்தக்க அளவில் வெளியிட்டது.

அக்கலைஞர்கள் வாங்கியது மட்டமான பொறியன்று. அந்நாளில் கிடைத்தவற்றுள் மிகச் சிறந்தது. பிழை, ஒரு தேவைக்கென ஆக்கியதை மற்றொரு தேவைக்குப் பயன்படுத்தியதில் இருந்தது.

பள்ளிச் சுவர் கற்பித்தது

இப்பிழையை நானும் செய்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, நான் பணியாற்றிய பள்ளியின் விழாவையொட்டி, முன்னாள் தலைமையாசிரியர்களின் பழைய படங்களை அவர்தம் குடும்பங்களிலிருந்து இரவலாகப் பெற்றோம். அவற்றைக் கணினியில் பதிந்து, அலுவலகத்து மைப்பீச்சுப் பொறியில் பளபளப்பான தாளில் பெரிதாக அச்சிட்டு, சட்டமிட்டு மண்டபத்தில் மாட்டினோம். மூலப் படங்களை உரியவரிடம் ஒப்படைத்தோம். விழாவுக்கு வந்தோர் அனைவரும் பாராட்டினர்.

மண்டபத்தின் ஒரு பக்கம் கிழக்கு நோக்கிய பலகணிகள். காலை வெயில் நேரே படங்களின்மேல் விழும். இரண்டு மழைக்காலங்கள் கழிவதற்குள் முகங்கள் வெளுத்தன. முதலில் சிவப்புக் குன்றியது. பின்னர் நீலம் படர்ந்த நிழலாய் அவர்கள் தோன்றினர். மீண்டும் அச்சிட எண்ணியபோது, பதிவுகள் இருந்த கணினி பழுதடைந்து அகற்றப்பட்டிருந்தது. குடும்பங்களை மீண்டும் நாடினோம். ஒரு குடும்பம் வீடு மாறியிருந்தது. அங்கிருந்த படத்தை யாராலும் தேடித்தர இயலவில்லை. 1950களில் வெள்ளி உப்பு முறையில் எடுத்த அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தாங்கியிருந்தது. நாம் அதற்கு மாற்றாக ஆக்கியதோ இரண்டாண்டு தாங்கவில்லை. அத்தலைமையாசிரியரின் முகம் இன்று அப்பள்ளியில் இல்லை.

குறை பொறியினுடையது அன்று, என்னுடையது. நாள்வழிச் சுற்றறிக்கைக்கென வாங்கிய பொறியிடம் நூற்றாண்டு வேலையை ஒப்படைத்தவன் நான். பினாங்கின் காற்றும் இதில் பங்கு கொள்கிறது. கடல் சூழ்ந்த இத்தீவில் ஈரம் மிகுதி. தாள் ஈரத்தை உண்டு நெளிகிறது. சாயம் மெல்லப் பரவுகிறது. திறந்த பலகணி வழியே வெயிலும் புகைக்காற்றும் புகுகின்றன. குளிர்நாட்டு ஆய்வுக்கூடத்தில் கணித்த ஆயுளை நம் மண்டபச் சுவரில் அப்படியே எதிர்பார்த்தல் ஆகாது.

தேர்வுக்குரிய நெறி

இவ்வரலாற்றிலிருந்து, பொறி வாங்குமுன் கேட்கவேண்டிய வினாக்களை வரிசைப்படுத்திக் காண்போம்.

முதலாவது, எழுத்தின் ஆயுள். பயிற்சித்தாள் ஒரு வாரம் வாழ்ந்தால் போதும். அதற்குச் சாய மையே தாராளம். நற்சான்றிதழ், சங்கப் பதிவு, குடும்ப வரலாறு, நினைவுப்படம் ஆகியவை பேரப்பிள்ளைகள் காலம்வரை வாழவேண்டியவை. இவற்றுக்கு நிறமி மையும் அமிலமற்ற தாளும் வேண்டும். வீட்டுப் பொறிகள் பலவற்றில் கறுப்பு மட்டும் நிறமியாகவும் வண்ணங்கள் சாயமாகவும் இருப்பதுண்டு. அத்தகைய பொறியில் எழுத்தைக் கறுப்பிலும் படத்தைத் தனியே நிழற்பட நிலையத்திலும் அச்சிடுவது அறிவுடைமை.

இரண்டாவது, மாத அளவு. தரங்கம்பாடியார் கற்ற பாடத்தைக் கணக்காகச் செய்து பார்ப்போம். எண்கள் பயிற்சிக்காகக் கொள்ளப்பட்டவை. ஒரு பொறி 250 வெள்ளி. அதன் மைக்கூடு 60 வெள்ளிக்கு 200 பக்கம் அச்சிடும். மற்றொன்று மைத்தொட்டி உடையது. விலை 800 வெள்ளி. 40 வெள்ளிப் புட்டி 4,000 பக்கம் அச்சிடும். முன்னதில் பக்கத்துக்கு 30 சென், பின்னதில் ஒரு சென். மாதம் 500 பக்கம் அச்சிடும் பள்ளிக்கு மையில் மாதம் 145 வெள்ளி மிச்சமாகும். விலை வேறுபாடாகிய 550 வெள்ளி நான்கு மாதத்துக்குள் ஈடாகிவிடும். மாதம் 20 பக்கம் மட்டுமே அச்சிடும் வீட்டுக்கோ அவ்வேறுபாடு ஈடாக ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் ஆகும். அதற்குள் பொறியே தேய்ந்துவிடலாம். ஒரே பொறி பள்ளிக்குச் சிக்கனமாகவும் வீட்டுக்கு வீண்செலவாகவும் அமைதல் காண்க. மலிவான பொறியை விற்று மையில் இலாபம் ஈட்டும் வாணிப முறை நெடுநாள் நிலவியது. 2010இல் எப்சன் இந்தோனேசியாவில் மைத்தொட்டிப் பொறியை அறிமுகம் செய்த பின்னர், நம் வட்டாரத்தில் தேர்வுக்கு இடம் விரிந்தது. வண்ணமே வேண்டாத பெருந்தொகைத் தேர்வுத்தாளுக்கு ரீசோ நகற்பொறியோ லேசர் அச்சுப்பொறியோ ஏற்றது என்பதையும் மறத்தலாகாது.

மூன்றாவது, வண்ணத்தின் துல்லியம். நான்கு மைகளால் அன்றாட வண்ணப் பக்கத்தை நன்றாகவே அச்சிடலாம். ஓவியம், நூல் அட்டை, நிழற்படம் ஆகியவற்றைத் தொழிலாகச் செய்வோர்க்கு அது போதாது. மனித முகத்தின் மென்னிழலும் பட்டுப்புடவையின் செம்மையும் படிப்படியாக மங்கி வருவதைக் காட்ட, இளஞ்செம்மை, இளநீலம், பல தரச் சாம்பல் என எட்டு முதல் பன்னிரண்டு மைகள் வரை கொண்ட பொறிகள் உள்ளன. அவை பெரும்பாலும் ஏ3 தாளைவிடச் சற்றுப் பெரிய தாளையும் ஏற்பன. ஆனால், பொறி மட்டும் துல்லியம் தந்துவிடாது. திரையின் வண்ணத்தை அளவிட்டுச் சீராக்கி, ஒவ்வொரு தாளுக்கும் உரிய வண்ணக் குறிப்பைக் கணினிக்குத் தரவேண்டும். அப்பயிற்சி பெறாதவர் பன்னிரு மைப் பொறியை வாங்குவது, யாழிசை பயிலாதவர் விலையுயர்ந்த யாழ் வாங்குவதை ஒக்கும்.

நான்காவது, பொறியின் ஓய்வு. நீண்ட நாள் பயன்படாத மைப்பீச்சுப் பொறியின் நுண்துளைகளில் மை உலர்ந்து அடைக்கும். அதனைத் தூய்மை செய்யவே பொறி மையைச் செலவிடும். பள்ளி விடுமுறை முடிந்து திரும்பும்போது பொறி மௌனமாய் இருப்பதன் காரணம் இதுவே. மைக்கூட்டிலேயே அச்சுத்தலை அமைந்த பொறியில், கூட்டை மாற்றினால் தலையும் புதிதாகும். எப்போதாவது அச்சிடும் வீட்டுக்கு இது நலம். அச்சுத்தலை பொறியிலேயே நிலையாக அமைந்திருப்பின், வாரம் ஒரு வண்ணப் பக்கமாவது அச்சிட்டு வருதல் வேண்டும்.

ஐந்தாவது, தமிழ்ச் சோதனை. மைக்கூடு எத்தனை பக்கம் தரும் என்பதைக் கணிக்க ஐஎஸ்ஓ 24711 என்னும் அனைத்துலகத் தரம் உண்டு. அதற்குரிய சோதனைப் பக்கங்கள் தமிழால் ஆனவை அல்ல. ஆகவே கடையிலேயே நம் எழுத்தைச் சோதிக்க வேண்டும். மெய்யெழுத்துகளின் புள்ளி தெளிவாய் நிற்கிறதா, ண, ணு, ஞூ, இ ஆகியவற்றின் சுழிகள் மையால் அடைபடாமல் திறந்திருக்கின்றனவா என்று எட்டுப் புள்ளி அளவிலும் பத்துப் புள்ளி அளவிலும் அச்சிட்டுப் பார்க்க வேண்டும். நாம் அன்றாடம் வாங்கும் தாளையே கையில் கொண்டுசெல்லல் நன்று. அச்சிட்ட தாளின் ஒரு மூலையில் நீர்த்துளி இட்டு, மறுபாதியை அட்டையால் மறைத்து இரு வாரம் வெயிலில் வைத்துப் பார்த்தால், சாயமும் நிறமியும் தம்மைத் தாமே அறிவித்துக்கொள்ளும். அறிவியல் வகுப்பில் மாணவர் செய்தற்குரிய எளிய ஆய்வும் இதுவாகும்.

முடிவுரை

பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஓர் ஊரின், ஒரு தோட்டத்தின், ஒரு தலைமுறையின் வரலாற்றைத் தன்னுள் கொண்டது. தோட்டங்கள் பல மறைந்தன. அங்கு வாழ்ந்தோர் சிதறினர். அவர்களைப் பற்றிய எழுத்தும் படமும் பள்ளியின் நிலைப்பேழையில் எஞ்சியிருக்கின்றன. 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுபோனது. செய்தித்தாளின் ஏட்டில் பதிவாகிவந்த நம் சிறு நிகழ்ச்சிகளுக்கு இருந்த புகலிடங்களுள் ஒன்று குறைந்தது. இனி அவற்றைப் பதிந்துவைக்கும் பொறுப்பு, முன்னிலும் மிகுதியாகப் பள்ளிகள்மேலும் குடும்பங்கள்மேலும் விழுகிறது. ஒருகாலத்தில் அச்சகத்தார் சுமந்த அப்பொறுப்பு இன்று நம் மேசைமேல் இருக்கும் சிறு பொறியினிடம் வந்து நிற்கிறது.

ஆகவே, அடுத்த முறை பள்ளிக்கோ வீட்டுக்கோ அச்சுப்பொறி வாங்குவது குறித்துப் பேச்செழும்போது, விலையையும் வண்ணத்தையும் கேட்கும் முன்னர், இதில் அச்சாவன எவை, அவற்றை யார், எத்தனை ஆண்டுகளுக்குப் பின் படிக்க வேண்டும் என்று கேட்போமாக. வார எழுத்துக்கு வாரப் பொறி போதும். நெடுநாள் வாழவேண்டிய எழுத்துக்கு, நம்மிடம் அதற்குரிய பொறி இல்லையெனில், அஃதுடைய அச்சகத்தை நாடுவதில் சிறுமை இல்லை. ஆண்டுக்கு இருமுறை தேவைப்படும் வேலைக்காகப் பெரும்பொறி வாங்குவதினும் அதுவே சிக்கனமும் ஆகும். அச்சிட்ட நினைவுப்படத்தின் பின்புறத்தில் பெயரையும் ஆண்டையும் கரிக்கோலால் எழுதிவைக்க மறவாதீர்கள். மூலப்படத்தையும் கணினிப் பதிவையும் வெவ்வேறு இடங்களில் காத்துவைப்பீர்களாக. ஒரு சுவரில் வெளுத்த முகத்தை மீட்க இயலாமற்போன ஒருவன், தன் உடனாசிரியர்க்கும் மாணவர்க்கும் விடுக்கும் வேண்டுகோள் இது.